செம்பாவயல் கெட்டிமேளம்

இசைமாமன்றத்தில் இடம் பிடிக்க இரண்டு தகுதிகள் வேண்டும். ஆள் செத்திருக்க வேண்டும். அவருடைய குரலோ வாத்தியமோ காதால் கேட்கும்படி எங்காவது மிஞ்சியிருக்க வேண்டும். முதல் தகுதி எல்லோருக்கும் ஒருநாள் தானாக வந்துவிடும். இரண்டாவதில்தான் பூவத்தூர் அம்பலவாணர் வருஷா வருஷம் அடிபட்டுப் போனார்.

அம்பலவாணர் நாகஸ்வரக்காரர். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கெஞ்சியும், வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்காமலே அவர்களைத் திருப்பி அனுப்பியவர். அவர் காலமாகி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அவர் வாசித்துக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கதை மட்டும் இருக்கிறது. செம்பாவயல் பெரிய வீட்டுக் கல்யாணத்தில், தாலி ஏறுகிற நேரத்துக்கு எழுந்த கெட்டிமேளத்தை, மூன்று முடிச்சு விழுந்த பிறகும் அவர் இறக்கவே இல்லையாம். அப்படியே அடாணா ராகத்தில் ஏறி, மூச்சு எங்கே எடுக்கிறார் என்று ஒருவருக்கும் பிடிபடாமல், தவில்காரர்கள் விரல் கிழிந்து ரத்தம் வர, பந்தியில் போட்ட இலை காய்ந்து சுருளும்வரை வாசித்தாராம். அன்றோடு கல்யாண வாசிப்பை விட்டுவிட்டார். கோயிலில் சாமிக்கு மட்டும் வாசித்தார்.

"அதுக்கு மேல கல்யாணத்துல வாசிக்க என்ன பாக்கி இருக்கு?" என்பார் செங்கமலத்தின் அப்பா, இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம்.

செங்கமலத்துக்கு இப்போது அறுபத்தொரு வயது. அரசு இசைக் கல்லூரியில் நாகஸ்வரம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். அவளுடைய அப்பா அம்பலவாணரின் சீடரிடம் பயின்றவர். இசைமாமன்றத்தின் தேர்வுக்குழுவில் ஐந்து பேர். நாகஸ்வரம், தவில் என்று மேளக்காரர் பக்கத்திலிருந்து அவள் ஒருத்தி. மாமன்றத்தில் இதுவரை பாடகர்கள், வீணைக்காரர்கள், பிடில்காரர்கள், மிருதங்கக்காரர்கள், சினிமாவுக்கு மெட்டுப் போட்டவர்கள் எல்லோரும் படமாகி உள்ளே போய்விட்டார்கள். நாகஸ்வரக்காரர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு படத் திறப்புக்கும் வாசலில் நாகஸ்வரம் கட்டாயம் உண்டு. வருகிறவர்கள் பன்னீர் தெளித்துக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, வாசிக்கிறவர் முகத்தைப் பாராமல் உள்ளே போவார்கள். அழைப்பிதழில் 'மங்கள இசை' என்று இருக்கும், பேர் இருக்காது. அவள் அப்பா அந்த வாசலில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அவளும் வாசித்திருக்கிறாள். அந்தச் சூடு அவளுக்கு ஆறவே இல்லை.

அம்பலவாணர் பேரை அவள் எடுக்கும்போதெல்லாம் பாடகர் சாரநாதன் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"கேக்காத சங்கீதத்துக்கு எப்படிம்மா மாலை போடறது? அதுவும் கெட்டிமேளம்! அது என்ன கச்சேரியா? தாலி கட்டற நேரத்துல தும்மலோ அழுகையோ ஒரு கெட்ட வார்த்தையோ யார் காதுலயும் விழப்படாதுன்னு எழுப்பற சத்தம். சத்தத்துக்கு நாம எடம் குடுக்க முடியாது."

இப்படி இருக்கையில்தான் சுவர்ச்செவி வந்தது.

சுவர்ச்செவி என்பது பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் தாங்கள் இளசாக இருந்தபோது கேட்டதைத் திருப்பிச் சொல்லவைக்கிற கருவி. அது வந்த புதிதில் ஊரே சந்தோஷப்பட்டது. பிறகுதான் வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. மணிக்குரலால் ஊரை மயக்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு சாமியார், மடத்துச் சுவரில் மோர் புளித்துப் போனதற்காகச் சமையல்காரனைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தார். ஒரு தியாகியின் வீட்டுச் சுவர் சொன்னதைக் கேட்டு அவருடைய பேரன்கள் வேலி போட்டுக்கொண்டு தனித்தனியாகப் போனார்கள். பல குடும்பங்கள் சத்தம் போடாமல் கொத்தனாரைக் கூப்பிட்டு முன்னோர் வீட்டுப் பூச்சைச் சுரண்டின. காசுள்ளவர்களோ எதிர்ப்பக்கம் போனார்கள். நாளைக்குத் தங்கள் பேச்சை உலகம் கேட்க வேண்டும் என்று புதுவீடுகளுக்குப் பழைய முறையில் பூச்சு போட்டார்கள். இசைமாமன்றத்தின் புதுக்கட்டடத்துக்கும் அப்படித்தான் முட்டைச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள்.

செம்பாவயல் பெரிய வீடு அந்தக் கல்யாணத்துக்காகவே கட்டப்பட்டது, பூச்சு காய்வதற்குள் பந்தல் போட்டுவிட்டார்கள் என்பது தெரிந்த அன்றே செங்கமலம் அதன் சொந்தக்காரரைத் தேடிப் போனாள். வீடு இப்போது துரைசிங்கம் என்பவருக்குச் சொந்தம். திருச்சியில் இருப்பவர். "எடுத்துக்கங்கம்மா. எங்க குடும்பத்துக்கு அவப்பேர் வர்ற மாதிரி எதுவும் வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான்," என்று சாவியைக் கொடுத்தார்.

சுவரைப் படித்தவள் நஸ்ரின். தென்காசிப் பக்கத்துப் பெண். நாற்பதைத் தொடுகிறவள். சுவர்ச்செவியை இயக்கத் தெரிந்த சிலரில் ஒருத்தி. கல்யாணக் கூடத்தில் கருவியை நகர்த்தியபடியே அவள் செங்கமலத்துக்கு விளக்கினாள்.

"சுண்ணாம்பு பூசின புதுசுல வெறும் ஈரக் குழம்புதாம்மா. காத்துல உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டு மறுபடி கல்லா மாறும். அதுக்கு ஒரு வருசம் ஆவும், கூடவும் ஆவும். அதுவரைக்கும் எதிர்ல என்ன சத்தம் வந்தாலும் உள்ளுக்குள்ள நடுங்கும். நடுங்கினபடியே இறுகிரும். ஏடு ஏடா."

"எல்லாச் சுவருமா?"

"சிமெண்டு கேக்காது. அதுக்கு இறுகுறதுக்கு அவசரம். முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்சு இழைச்சுத் தேய்ப்பாங்கல்ல, இந்த மாதிரி வழவழன்னு, இதுதான் பொறுமையாக் கேக்கும். நாங்க ஒளியை உள்ள விட்டு ஒவ்வொரு ஏடா படிக்கிறோம்."

செங்கமலம் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அம்பலவாணர் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பார் என்று கண்ணாலேயே தேடினாள்.

சில வாரங்கள் கழித்து நஸ்ரின் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தாள். செங்கமலம் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். முதலில், சுருதிக்காக ஊதும் ஒத்தின் ரீங்காரம் வந்தது. பிறகு தவில் எழுந்தது. அதன் மேல் நாகஸ்வரம் ஒரே தாவலில் மேல் ஷட்ஜத்தில் போய் நின்றது.

அறுபது வருஷமாகக் கதையாகக் கேட்டது அன்றைக்கு அவள் காதில் விழுந்தது. கதை சின்னதாகப் போய்விட்டது. அடாணா இவ்வளவு உக்கிரமாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பிடி முடியும் என்று நினைத்த இடத்தில் அது இன்னும் ஒரு படி ஏறியது. அவளுடைய விரல்கள் மடியில் தாமாகத் துளை மூடித் திறந்தன. அவள் அழுதாள். அப்பா இல்லையே என்று அழுதாள். முடிவதற்குள்ளேயே கருவியைக் கழற்றி நஸ்ரினைக் கட்டிக்கொண்டு, "வாசல்லேர்ந்து எந்திரிச்சுட்டார்டி" என்றாள்.

நஸ்ரின் சிரிக்கவில்லை.

"நடுவுல ஒரு எடத்துல நிக்குதே, கவனிச்சீங்களாம்மா?"

கவனித்திருந்தாள். பாதிக்கு மேல் ஓரிடத்தில் நாகஸ்வரம் சட்டென்று நிற்கிறது. தவிலும் தடுமாறி நிற்கிறது. மனிதர்கள் பேசுகிற மாதிரி ஏதோ குழப்பமான சத்தம். பிறகு மறுபடி எழுகிறது.

"சீவாளி மாத்தியிருப்பார்," என்றாள் செங்கமலம். "உதட்டுல வெச்சு ஊதற அந்த நாணல்தான் சீவாளி. அவ்வளவு நேரம் வாசிச்சா பிளந்துடும்."

"நானும் அப்படித்தான் ஏதோன்னு நெனச்சேன்." நஸ்ரின் தயங்கினாள். "எங்க கருவியில ஒவ்வொரு சத்தத்தையும் தனியாப் பிரிக்கலாம். நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் எல்லாத்தையும் எடுத்துட்டு, மீதி என்ன இருக்குன்னு பாத்தேன். அதைக் கேளுங்க. வேண்டாம்னா விட்டுருங்க."

செங்கமலம் கேட்டாள்.

பாத்திரம் உருள்கிறது. ஆட்கள் பேசுகிறார்கள். எங்கோ மாடு கத்துகிறது. பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல். சிறு பிள்ளை. பன்னிரண்டோ பதிமூன்றோ இருக்கலாம். "எனக்கு வேணாம். எனக்கு வேணாம்ப்பா." பெண்கள் அதட்டுகிறார்கள். "கையைப் பிடிங்கடி." வளையல்கள் உடைகின்றன. அந்தப் பிள்ளை கத்துகிறாள், கத்திக்கொண்டே இருக்கிறாள். கெட்டிமேளம் தொடங்கிய கணத்திலிருந்து அது ஓயவே இல்லை.

"முடிச்சு விழலைம்மா," என்றாள் நஸ்ரின் மெதுவாக. "அவ்வளவு நேரமும் முடிச்சு விழவே இல்லை. அதுனாலதான் அவ்வளவு நேரம்."

"அவருக்கு இது கேட்டிருக்காது. மேளச் சத்தத்துல..."

"கேட்டிருக்கு." நஸ்ரின் இரண்டு அலைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். "அந்தப் பிள்ள குரல் எப்பல்லாம் ஏறுதோ, அப்பல்லாம் இவர் அதுக்கு மேல ஒரு படி ஏறுறார். ஒரு தடவகூடத் தப்பலை."

செங்கமலம் வியந்து அழுத அந்த ஏற்றங்கள்தான் அவை. 

பிறகு அந்த நிறுத்தம் வந்தது. வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்த அந்தச் சிறு இடைவெளியில் பிள்ளையின் குரல் மிக அருகில், துல்லியமாகக் கேட்டது. "மேளக்கார ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்களேன். எனக்கு வேணாம்." கூடமே அடங்கியிருந்தது. அதற்கப்புறம் ஓர் ஆண்குரல், சத்தம்கூடப் போடாமல், "ஊதுரா" என்றது.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு அம்பலவாணர் ஊதினார்.

செங்கமலம் துரைசிங்கத்துக்குப் போன் செய்து, அந்தக் கல்யாணப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். "பெரிய தாத்தாவோட முதல் சம்சாரம்னு சொல்வாங்க. ரொம்ப நாள் இருக்கலை போல. பேர் யாருக்கும் தெரியாதும்மா," என்றார் அவர். ஏன் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

தேர்வுக்குழு புதுக்கட்டடத்தில் கூடியது. சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. குழுத்தலைவர் ஆராவமுதன், ஒருகாலத்தில் பெரிய அதிகாரி, உட்காரும்போதே சிரித்தார். "எல்லாரும் பாத்துப் பேசுங்க. நம்ம வம்பெல்லாம் சுவத்துல ஏறிக்கிட்டிருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அதை மறந்தும் போனார்கள்.

நஸ்ரின் மூலையில் ஒலிபெருக்கியை வைத்து முழு வாசிப்பையும் போட்டாள். வாத்தியங்கள் மட்டுமே முன்னால் கேட்கிற பதிவு.  முடிந்ததும் சினிமா இசையமைப்பாளர் கிளமென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நாமல்லாம் என்னத்தைப் போட்டுக்கிட்டிருக்கோம்," என்றார். விமர்சகி பிருந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

சாரநாதன் நேர்மையான மனிதர். பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்ல மாட்டார். பிடித்ததை மறைக்கவும் மாட்டார்.

"சத்தம்னு சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கறேன். இது சங்கீதம்தான். ஆனா ஒண்ணு. நடுவுல நின்னுடுத்தே? ஒரே மூச்சு, இடைவெளியே கெடையாதுங்கறதுக்காகத்தானே இவருக்கு இத்தனை பேரு? அதைச் சொல்லித்தானே எடம் கேக்கறேள்? மூச்சு முட்டியிருக்கு. தப்பில்லை, எல்லாருக்கும் முட்டும். ஆனா கதை ஒண்ணாவும் காது கேக்கறது வேறயாவும் இருந்தா, நான் எதுக்கு ஓட்டுப் போடறது?"

எல்லோரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள்.

சீவாளி பிளந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாகஸ்வரம் வாசிக்கிறவள் சொன்னால் அந்த அறையில் யாரும் மறுக்க முடியாது. வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அப்பாவின் முகம் கண்ணில் வந்தது. வாசலில், வெயில் சாய்கிற மூலையில், வாத்தியப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த அப்பா. அவருக்காகவேனும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மனுஷன் அவ்வளவு நேரத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அந்த நிறுத்தம்தான். அதைப் போய்ப் பிளந்த நாணல் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"அவருக்கு மூச்சு முட்டலை," என்றாள். "நிறுத்தினார். ஏன்னு கேளுங்க. நஸ்ரின், மத்ததைப் போடும்மா."

நஸ்ரின் எழுந்து போய் ஒலிபெருக்கியைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போட்டாள்.

வளையல் உடைகிற சத்தத்தில் பிருந்தா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். 'மேளக்கார ஐயா' என்று அந்தப் பிள்ளை கூப்பிட்டபோது கிளமென்ட் "ஏசுவே" என்றார். "ஊதுரா" என்ற குரலுக்கு அப்புறம் ஆராவமுதன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டாள் பிருந்தா.

"தெரியலை," என்றாள் செங்கமலம். "நான் இவருக்காக எத்தனையோ வருஷம் சண்டை போட்டிருக்கேன். இப்ப எனக்கே தெரியலை. இவர் நல்லவரா கெட்டவரா, உள்ள வரணுமா வேண்டாமா. ஒரு சின்னப் பிள்ளையோட அழுகையை மூடறதுக்கு வாசிச்ச வாசிப்பு இது. அவர் கல்யாணத்துக்கு வாசிக்கறதை ஏன் விட்டார்னு இப்பத்தான் புரியுது. முடிவு பண்ணுங்க. ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

சாரநாதனின் கண்கள் ஈரமாகத்தான் இருந்தன. "பாவம், கொழந்தை," என்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்போ மூச்சு தவறலை," என்றார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் செங்கமலம்.

"அவரா நிறுத்தியிருக்கார். மூச்சு முட்டி நிக்கலை. என் ஆட்சேபணை அது ஒண்ணுதான். அது போயிடுத்து. நியாயத்தைச் சொல்லணுமோல்லியோ. எனக்குச் சம்மதம்."

செங்கமலத்துக்கு அவர் சொன்னது உறைக்கவே நேரமாயிற்று. அதற்குள் பேச்சு எங்கோ போய்விட்டது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்றார் கிளமென்ட், வருத்தத்தோடு. கலைஞனையும் அவனுடைய காலத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார் சாரநாதன். வாசிக்காமல் எழுந்திருந்தால் அவரை உயிரோடு விட்டிருப்பார்களா என்று பிருந்தா கேட்டாள். அதுவும் உண்மைதான். எல்லோரும் சொன்னதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது.

"துரைசிங்கத்துக்கு நாம வாக்குக் குடுத்திருக்கோம்," என்றார் ஆராவமுதன். "அந்தக் குரல் வெளிய போக முடியாது. வாத்தியம் மட்டும் இருக்கட்டும். ஆனா அந்த இடைவெளி?"

"நிரப்பிடலாம் சார்," என்றார் கிளமென்ட். "முன்னாலயும் பின்னாலயும் அவர் வாசிச்சது இருக்கே. தையல் தெரியாம ஒட்டிடலாம். இப்பல்லாம் சுலபம்."

"அந்த நிறுத்தத்தை எடுத்துட்டா அவர்கிட்ட என்ன சார் இருக்கு?" செங்கமலத்தின் குரல் உயர்ந்தது.

"எடுக்காம வெச்சா, ஏன் நின்னுச்சுன்னு ஊரே கேக்கும்மா. என்ன சொல்றது?" ஆராவமுதன் மேஜையில் முன்னால் சாய்ந்து, இதமாகப் பேசினார். "வாசல்லயே நிக்க வெக்கறீங்கன்னு வருஷா வருஷம் நீங்கதான் சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க. இன்னிக்கு உள்ள வர்றார். உங்க ஆளுங்கள்ல முதல் ஆள். இதை நீங்களே கெடுத்துக்காதீங்க. ஒருமனதாகன்னு எழுதிக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பின்னால் வரப்போகிற எல்லா நாகஸ்வரக்காரர்களும் கண்முன்னே வந்து நின்றார்கள். அவள் பேசவில்லை. ஆராவமுதன் ஒரு கணம் காத்திருந்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

அந்தக் குரல் இருந்த பதிவை நஸ்ரின் அங்கேயே, எல்லோர் முன்னாலும் அழித்தாள். அழிந்துவிட்டதா என்று ஆராவமுதன் எழுந்து வந்து பார்த்துக்கொண்டார். செம்பாவயல் சுவரை என்ன செய்யலாம் என்று துரைசிங்கத்திடம் அவரே பேசுவதாகச் சொன்னார். பத்து நாளில் அங்கே கொத்தனார்கள் இறங்கிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

தாழ்வாரத்தில் செங்கமலம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஸ்ரின் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மெசின்ல இருந்ததைத்தாம்மா அழிச்சேன்," என்றாள். "இந்தக் கட்டடத்துக்குப் பூச்சு போட்டு மூணு மாசம்கூட ஆகலை. நல்ல பசையா இருக்கு. அவங்களே சொல்லிச் சிரிச்சாங்க, பாத்தீங்கல்ல? ஸ்பீக்கரைச் சுவத்துப் பக்கமாத் திருப்பித்தான் வெச்சிருந்தேன்."

செங்கமலம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பிள்ளையின் குரல் அழியவில்லை. மாமன்றத்தின் சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எப்போதோ யாரோ படிப்பார்கள்.  சந்தோஷம்தான். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

"நஸ்ரின், நாங்க பேசினதும் பதிஞ்சிருக்குமா?"

"ஒரு வார்த்தை விடாம."

"ஒருமனதாகன்னு கேட்டாரே. அப்ப நான் பேசாம இருந்தேனே."

நஸ்ரின் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசாம இருந்தது பதியாதும்மா. சத்தம்தான் பதியும். கேக்கறவங்களுக்கு அவர் கேட்டதும் தெரியும், யாரும் மறுக்கலைங்கறதும் தெரியும்."

புதுக்கட்டட மண்டபத்தில் நடந்த படத் திறப்பு விழாவுக்குக் கூட்டம் நெரிந்தது. நாகஸ்வரக்காரர் ஒருவர் முதல்முதலாக உள்ளே போகிறார் என்பதால் டெல்டாவிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கிழவர்கள் புதுவேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் அவள் அப்பாவோடு வாசலில் வாசித்தவர்கள். இந்தமுறை மங்கள இசையும் வாசலில் இல்லை, மேடையிலேயே. அழைப்பிதழில் செங்கமலத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

முதலில் ஒலிபெருக்கியில் அம்பலவாணரைப் போட்டார்கள். கிளமென்ட் சொன்னபடியே தையல் தெரியவில்லை. ஏறி ஏறிப் போய், நிற்காமல், ஒரே மூச்சாக முடிந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. ஒரு கிழவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

படத்தின் மேல் போட்டிருந்த பட்டுத்துணியை இழுக்கிற நேரத்தில் மேடையிலிருப்பவர்கள் கெட்டிமேளம் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆராவமுதன் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி ஆட்காட்டி விரலை ஆட்டினார்.

தவில் எழுந்தது. செங்கமலம் சீவாளியை நனைத்து உதட்டில் வைத்தாள். அடாணாவைப் பிடித்தாள். அம்பலவாணர் ஏறிய படிகளிலேயே ஏறினாள். ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு படியிலும் அதன் கீழே என்ன இருந்தது என்பதும் அவளுக்குக் கேட்டது. முன்வரிசைக் கிழவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். அந்த இடம் வந்தது.

அவள் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தாள். தவில்காரர்களைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள். அவர்கள் திகைத்து நிறுத்தினார்கள்.

மண்டபம் அடங்கியது. பின்னால் யாரோ, "வயசாயிடுச்சுல்ல, மூச்சு வாங்குது," என்று இரக்கப்பட்டார்கள். சாரநாதன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். ஆராவமுதன் சிரித்த முகம் மாறாமலே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ஊதுங்கம்மா" என்றார்.

அவள் நாகஸ்வரத்தை மடியில் கிடத்தினாள். கூட்டத்தைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கல்லூரியில் பாடம் சொல்லுகிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"செம்பாவயல் பெரிய வீட்ல இவர் வாசிக்கறப்போ ஒரு சின்னப் பிள்ளை வேணாம் வேணாம்னு அழுதுச்சு. அந்த அழுகையை மூடறதுக்குத்தான் இந்தக் கெட்டிமேளம். அது இவருக்குக் கேட்டுச்சு. ஒரு தடவை நிறுத்தினார். அப்புறம் ஊதினார். இவரை உள்ள கொண்டுவரணும்னு கேட்டவ நான்தான். அந்தப் பிள்ளையை வெளிய விட்டுட்டு இவரைக் கொண்டுவர்றதுக்கு நான் சம்மதிக்கலை. அன்னிக்குச் சொல்லலை. இன்னிக்குச் சொல்றேன். என் பேரு செங்கமலம்."

முன்வரிசையில் கைகூப்பியிருந்த கிழவர் கையை இறக்கிக்கொண்டார். ஆராவமுதன் தவில்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டினார், மறுபடி ஆட்டினார். தவில்காரர்கள் செங்கமலத்தைப் பார்த்தார்கள். அவள் வாத்தியத்தைத் தொடவில்லை. அவர்களும் அடிக்கவில்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்த நஸ்ரின், 'தொடாதீர்கள்' என்ற பலகையைத் தாண்டிக் கையை நீட்டிப் பூச்சின் மேல் வைத்துப் பார்த்தாள். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.